'எவ்ளோ கொடுக்கும்'னு கேட்கிறதுக்கு முன்னாடி..!

"மைலேஜ் எவ்ளோ கொடுக்கும்?"

கார் வாங்கலாம்னு வீட்ல பேச்சை எடுத்த அடுத்த நிமிஷம் அப்பா கேட்கிறது இதைத்தான். சித்தப்பா கேட்கிறதும் இதைத்தான். பக்கத்து வீட்டு அங்கிள், அவர் பங்குக்கு "ரீ-சேல் வேல்யூ இருக்கா?"ன்னு ஒரு பிட்டைச் சேர்த்துப் போடுவார். கேம்பஸ்ல வேலை வாங்கி, ஆறு மாச சம்பளத்தைச் சேர்த்துவெச்சு, மிச்சத்துக்கு அப்பாவோட எஃப்.டி-யை நம்பிக்கிட்டு செகண்ட் ஹேண்ட் சின்னக் கார் தேடுற நீங்களும் அதே கேள்வியோடதான் கிளம்புவீங்க.

தப்பில்லை மக்களே. பெட்ரோல் விக்கிற விலைக்குக் கேட்கத்தான் வேணும். ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. "வண்டி எந்த மாசம், எந்த வருஷம்?"

2019 ஜூலை 1-ம் தேதியை மொபைல்ல குறிச்சு வெச்சுக்கங்க. இந்தியாவுல விக்கிற எல்லா காருக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம்னு ஆன நாள் அது. சடன் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம காப்பாத்துற ஏ.பி.எஸ்., அதே வருஷம் ஏப்ரல்ல கட்டாயமாச்சு. பக்கத்து ஸீட்டுக்கும் சேர்த்து 2 ஏர்பேக் எல்லா காரிலும் வந்தது 2022 ஜனவரியிலதான். அதுக்கு முன்னாடி? காசு கொடுத்தா உண்டு, இல்லேன்னா இல்லை. டாப் மாடல்ல இருக்கும், பேஸ் மாடல்ல இருக்காது. நம்ம பட்ஜெட்டுக்கு ஆசையா வந்து நிக்கிற வண்டி எதுன்னு நினைக்கிறீங்க? அதே பேஸ் மாடல்தான்!

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றோம்னா, 2014 ஜனவரியில 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவுல ஓடுற 5 சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. அஞ்சுமே ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்கள். பெரியவங்க பாதுகாப்புல அஞ்சும் வாங்கினது... முட்டை! கொடுமை என்னன்னா, ஃபிகோ, போலோ ரெண்டுக்கும் உடம்பு உறுதியா இருந்தது, பை மட்டும்தான் இல்லை. அதே போலோ 2 ஏர்பேக்கோட மறுபடி மோதி, 4 ஸ்டார் வாங்கிடுச்சு. மத்த மூணுக்கும் கூடே நசுங்கிப்போச்சு. அதுல ஏர்பேக் வெச்சாலும் பெருசா புண்ணியம் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

"சிட்டியில 40-ஐத் தாண்டி எங்கே பாஸ் போறோம்?" - கரெக்ட்டு. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் கிண்டி கத்திப்பாராவுல 15-ல ஊர்ந்துகிட்டுதான் இருப்பீங்க. சனிக்கிழமை ராத்திரி? அதே கார்ல அஞ்சு பேர் அடைஞ்சுக்கிட்டு, பாட்டை அலறவிட்டு, இ.சி.ஆர்-ல மகாபலிபுரம் கிளம்புவீங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கிற மூணு பேரும் பெல்ட் போட மாட்டாங்க. சின்னக் கார் வாங்கும்போது யோசிக்க வேண்டியது அந்த சனிக்கிழமையைத்தான்.

பழைய வண்டியில ஏர்பேக் நிஜமாவே இருக்கான்னு பார்க்க ஒரு வழி. சாவியைத் திருப்பி 'ஆன்'ல வைங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. டேஷ்போர்டுல ஒரு ஆள் உட்கார்ந்து, முன்னாடி பலூன் இருக்கிற மாதிரி சின்ன விளக்கு எரியும். சில செகண்ட்ல அணையணும். அணையவே இல்லைன்னா ஏதோ கோளாறு. ஏர்பேக் உள்ள மாடல்ல அந்த விளக்கு எரியவே இல்லைன்னா, அது இன்னும் சந்தேகம். ஒரு தடவை மோதி பை வெடிச்ச பிறகு, புதுசு மாட்டாம மூடி மட்டும் போட்டு விக்கிற கில்லாடிகளும் உண்டு. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு 500 ரூபாய் கொடுத்துக் கூட்டிட்டுப் போனா அது வீண் செலவே இல்லை.

சரி, சந்து பொந்து மேட்டருக்கு வருவோம். திருவல்லிக்கேணியில யூ-டர்ன் அடிச்சவங்களுக்குத் தெரியும், காரோட நீளத்தைவிட அது எவ்ளோ இடத்துல திரும்பும்கிறதுதான் முக்கியம்னு. இதுல நானோ ஒரு கில்லி. 4 மீட்டர் ஆரத்துல சட்டுனு திரும்பிடும். பாவம், 2018-லயே தயாரிப்பு நின்னுடுச்சு. ஆல்டோ கே10-க்கு 4.5 மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 4.8. பேப்பர்ல 30 சென்டிமீட்டர்தானேன்னு தோணும். ஆரம் அது, விட்டத்துக்கு ரெண்டால பெருக்கணும். ஒரே மூச்சுல திரும்புறதுக்கும், பின்னாடி ஆட்டோக்காரர்கிட்ட 'சாவு கிராக்கி' பட்டம் வாங்குறதுக்கும் நடுவுல அவ்ளோதான் இடைவெளி.

இடது கால் வலிக்குதுங்கிறவங்களுக்கு ஏ.எம்.டி. இருக்கு. 2014-ல செலரியோவுல இங்கே அறிமுகமாச்சு. உள்ளே இருக்கிறது நாம வழக்கமா மாத்துற அதே கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்தி கியர் மாத்துற வேலையை மட்டும் மெஷின் பார்த்துக்கும். அதனாலதான் விலையும் குறைவு, மைலேஜும் பெருசா அடி வாங்காது. கியர் மாறும்போது தலை லேசா ஆடும், பழகிடும். ஆனா, ஏ.சி. போட்டு, நாலு பேரை ஏத்தி, மேம்பாலம் ஏத்தத்துல நிறுத்தி எடுத்துப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சில வண்டி பின்னாடி உருளும்.

எலெக்ட்ரிக்? எம்.ஜி. காமெட் 3 மீட்டர்கூட நீளம் இல்லை, ஆட்டோ நிக்கிற இடத்துல நிக்கும். ஆனா, ஃபிளாட்ல சார்ஜ் போட உங்க மீட்டர்லேர்ந்து லைன் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்கணும். அதை முதல்ல பேசிட்டு வாங்க!

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு சோதனை, டிசம்பர். மழை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிக்கிறதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்றதுதான் பெரிய வினை. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா, மேலே வர்ற பிஸ்டன் அதுல முட்டி, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். சாதாரண இன்ஷூரன்ஸ்ல, 'நீயே ஸ்டார்ட் பண்ணித்தானே கெடுத்தே?'ன்னு கையை விரிச்சுடுவாங்க. எஞ்சின் பாதுகாப்புன்னு தனியா ஒரு கவர் இருக்கு, பாலிசி போடும்போதே கேட்டு வாங்கணும். 2023, 2024 மழைக் காலங்கள்ல நின்ன வண்டி இப்போ பளபளன்னு பாலிஷ் போட்டு விலைக்கு வரலாம். ஸீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்துப் பாருங்க. அடியில சேறு படிஞ்ச கோடு தெரிஞ்சா, "வர்றேன் சார்"னு கிளம்பிடுங்க.

புதுசுதான் வேணும்கிறவங்களுக்கு, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 4 மீட்டருக்குள்ள, 1200 சி.சி-க்குள்ள இருக்கிற பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 சதவீதமா இறங்கியிருக்கு. ஆனா, விளம்பரத்துல போடுற ஷோரூம் விலையைப் பார்த்து அப்பாகிட்ட பட்ஜெட் சொல்லிடாதீங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், அதுக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம் ஆயுட்கால வரி. அது போக இன்ஷூரன்ஸ்.

பழசுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதுக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆயிடுச்சு. '80 ஆயிரத்துக்கு சூப்பர் வண்டி மச்சி'ன்னு ஃபிரெண்டு போன் பண்ணினா, ஆர்.சி-யை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. லோன் பாக்கி இருந்தா பேங்க் பேரு அதுலயே இருக்கும். ஓனர் 29, 30-ம் நம்பர் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் முழுப் பணம் கைமாறக் கூடாது.