அணைத்த பின்னும் அடங்காத மின்சாரம்

தேயிலைக்குப் பெயர்பெற்ற கேமரன் மலை, நீர்மின்சாரத்துக்கும் பெயர்பெற்றது. 1963ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சுல்தான் யூசோப் நிலையம் 100 மெகாவாட் ஆற்றலுடையது; அத்திட்டத்தைச் சார்ந்த கோலா தெர்லா நிலையமோ 500 கிலோவாட் அளவினதே. சிறிதாயினும் பெரிதாயினும், விளையும் மின்சாரம் வீணாகாதிருத்தல் வேண்டும்.

தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்டும் விசிறி, உருட்டும் பொறி, உலர்த்தும் காற்றாடி ஆகியவற்றைச் சுழற்றுவன மோட்டார்களே. மோட்டார் தன்னுள் காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும். அதற்கான மின்னோட்டம் கம்பியில் போவதும் வருவதுமாய் அலைகிறதேயன்றி வேலை செய்வதில்லை. வரும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கே திறன் காரணி எனப்படும். 400 வோல்ட் மும்முனை இணைப்பில் 70 கிலோவாட் வேலை நடக்க, காரணி 0.7 ஆயின் 144 ஆம்பியர் வேண்டும், 0.95 ஆயின் 106 ஆம்பியர் போதும். மலேசியாவில் காரணி 0.85க்குக் கீழே இறங்கின், தொழிலகங்கள் மிகைக் கட்டணமும் செலுத்த நேரும்.

இக்குறையைத் தீர்ப்பது மின்தேக்கி. மோட்டார் கேட்கும் காந்த மின்னோட்டத்தை அது அருகிலிருந்தே கொடுத்து வாங்குகிறது. ஆனால் அதன் பெயரிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. மதகை மூடினாலும் ரிங்லெட் அணையில் தேங்கிய நீர் போய்விடுவதில்லை. அதுபோலவே, சுவிட்சை அணைத்தாலும் மின்தேக்கியில் மின்னேற்றம் நிற்கும். 400 வோல்ட் இணைப்பின் உச்ச அழுத்தமாகிய 566 வோல்ட் வரை எஞ்சியிருக்கலாம். தொடுவோர் உயிருக்கே அது கேடு.

அணைத்த உடனே மீண்டும் இணைத்தலும் தீது. எஞ்சிய அழுத்தமும் புதிதாய் வரும் அழுத்தமும் எதிரெதிராய் அமையின், வேறுபாடு இரு மடங்காகும். அப்போது பாயும் மின்னோட்டம் சுவிட்சின் தொடுமுனைகளை உருக்கி ஒட்டிவிடும்.

ஆதலின் மின்னிறக்கத்துக்கெனத் தடை ஒன்று பொருத்தப்படுகிறது. தாழ்வழுத்த மின்தேக்கியில் அது 3 நிமிடத்துக்குள் அழுத்தத்தை 75 வோல்ட்டுக்கோ அதற்குக் கீழோ இறக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. மீண்டும் இணைக்கையில், எஞ்சியது மின்தேக்கிக்கு வரையறுத்த அழுத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தானியங்கிப் பெட்டி இவ்விடைவெளியைத் தானே காக்கும்; கையால் இயக்குவோர் கடிகாரம் பார்த்துக் காத்திருத்தல் வேண்டும்.

பழுது பார்ப்போர் தடையை மட்டும் நம்பலாகாது. அது அறுந்தும் இருக்கலாம். அணைத்துப் பூட்டுதல், உரிய நேரம் காத்தல், அழுத்தமானியால் சோதித்தல், முனைகளைக் குறுக்கிணைத்து நிலத்தோடு சேர்த்தல் ஆகிய நான்கும் முடிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.