பிரசவ மருத்துவமனையை எதை வைத்து எடைபோடுவது?

தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்ததும் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது?" என்பதுதான். கட்டடத்தின் பொலிவு, குளிரூட்டிய அறை, கட்டணம், அக்கம்பக்கத்தார் சொல் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கிறோம். தாயின் உயிரைக் காப்பவை இவையல்ல.

பேறுகால மரணங்களுக்குப் பெருங்காரணம், குழந்தை பிறந்தபின் ஏற்படும் மிகையான உதிரப்போக்கு. அரை லிட்டர் உதிரம் வெளியேறினாலே எச்சரிக்கை தேவை. கண்மதிப்பில் பார்க்கும்போதோ அளவு குறைவாகவே தோன்றிவிடுகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் உதிரத்தைச் சேர்த்து அளந்து, அளவு மீறியவுடன் சிகிச்சைகள் அனைத்தையும் ஒருசேரத் தொடங்கிய இடங்களில், கடும் உதிரப்போக்கு முதலான ஆபத்துகள் 60 விழுக்காடு குறைந்தன. விலையுயர்ந்த இயந்திரமன்று, விழிப்பே அங்கு வேலை செய்தது.

ஆயினும் முறைகளைக் கற்பித்தல் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 29 அம்சங்கள் கொண்ட பிரசவப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வகுத்துள்ளது. நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் அதைச் சோதித்தனர். பயிற்சி பெற்ற நிலையங்களில் பணிமுறை மேம்பட்டது. தாய்சேய் மரணமோ குறையவில்லை என்று 2017இல் தெரியவந்தது. மருந்தும், இரத்தமும், தேர்ந்த கைகளும், மேல்சிகிச்சைக்கு வழியும் துணை நில்லாவிடில் பட்டியல் வெறுங்காகிதமே என்பது இதில் நாம் கொள்ளத்தக்க பாடம்.

அரசு மருத்துவமனை என்றாலே முகம் சுளிப்போர் ஒன்றை அறிய வேண்டும். 2017இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்தின்கீழ் அவற்றின் பிரசவ அறைகள் மதிப்பிடப்பட்டுத் தரச்சான்று பெறுகின்றன. அச்சான்று உண்டா என்று விசாரிக்கலாம்.

எனவே ஏழாம் மாதத்திலேயே நேரில் சென்று கேளுங்கள். நள்ளிரவிலும் பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பாரா? மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார்? உதிரத்தை எவ்வாறு அளக்கிறார்கள்? கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்து குளிர்பெட்டியில் இருக்கிறதா? இரத்தம் எங்கிருந்து வரும்? நிலைமை கைமீறினால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டு செல்வார்கள்? தாயோ சகோதரியோ உடனிருக்க அனுமதி உண்டா?

கேட்பதில் கூச்சம் வேண்டாம். நகை வாங்குகையில் மாற்று உரைத்துப் பார்க்கும் நாம், அதை அணியப்போகும் மகளின் உயிரை ஒப்படைக்கும் இடத்தை உரைத்துப் பாராமல் விடலாமா?