சாமைக் களத்தில் எந்த லென்ஸ்?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் விஸ்காம் மாணவர்களின் வேன்களை அடிக்கடி பார்க்கலாம். பீமன் அருவி, கோலப்பன் ஏரி, இருட்டியதும் நட்சத்திரங்கள். கூடவே தவறாமல் ஒரு படம்: முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி. கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் பாட்டிகளை வரிசையாக மாட்டினால், எது யார் எடுத்தது என்று பெயரைப் படித்துத்தான் சொல்ல முடியும். "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று ஆசிரியர் கேட்பது அப்போதுதான்.

அந்தப் பாட்டி படத்தின் வேர் ஆழமானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-ல் வெளியிட்டார். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் அதில் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்த அந்த ஆய்வில் மனிதர்கள் தங்கள் இனத்தின் மாதிரிகளாகவே படமானார்கள்.

2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி, தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் பலரின் ஊரான ஜவ்வாது மலைப் பக்கம் கேமராக்கள் மறுபடி படையெடுத்தன. செய்தி தேவைதான். ஆனால், இழவு வீடும் மரவெட்டி என்ற பெயருமாக மட்டும் ஒரு மலை வெளியே தெரிவது பெரும் அநியாயம்.

சாமை அடிக்கும் களத்தின் ஓரத்தில் ஒரு மாணவி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 200 எம்.எம். லென்ஸ் இருந்தால் சாலையிலேயே நின்று முகத்தைப் பிடித்துவிடலாம். பின்னணி மங்கிப்போகும், களமும் முறமும் பக்கத்தில் நிற்பவர்களும் காணாமல் போவார்கள். 35 எம்.எம். என்றால் களத்துக்குள் இறங்கியாக வேண்டும். கும்பிடு போட்டு, யார் எவர் என்று சொல்லி, "எதுக்குப்பா போட்டோ?" என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிலை யோசிக்கும்போதுதான் மாணவிக்குத் தான் யார் என்பது பிடிபடத் தொடங்குகிறது.

புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார் அந்தப் பதிலைத் தேடி வெகுதூரம் போகவில்லை. மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பொறியியல் படித்த பழனிக்குமார், 2013-ல் கடன் வாங்கி முதல் கேமராவை வாங்கினார். அம்மாவையும் தெருவிளக்கு வெளிச்சத்தில் அண்டை வீட்டாரையும் எடுத்துத்தான் கை பழகியது. பிறகு, தூய்மைப் பணியாளர்கள் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அந்தப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கற்றுக்கொடுத்தார். பாரி இணைய இதழின் தயானிதா சிங் பெயரிலான முதல் ஆவணப் புகைப்பட விருது 2022-ல் அவருக்குக் கிடைத்தது. உழைப்பவரைப் பரிதாபத்துக்குரியவராக அவர் படங்கள் ஒருபோதும் காட்டுவதில்லை. அம்மாவின் உழைப்பைக் கிட்டத்தில் பார்த்த கண் அது.

வாடிப்பட்டியின் புகைப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன் நேர்மாறான வழியில் வந்தார். வெளியூர்களில் பிறர் வாழ்க்கையைப் படமெடுத்தவர், கொரோனா பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பி, தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய தன் பாட்டியின் குடும்பத்தையே படமாக்கினார். அந்தப் படத்தொடர் உலக அரங்குகளுக்கும் போனது.

ஜவ்வாது மலையில் வீடில்லாத மாணவர் என்ன செய்வது? அதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் ஒரு வழி காட்டுகிறது. 1988 பிப்ரவரி 17-ல் ஆர்.ராஜமோகன் குழுவினர் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணிதமேதை ராமானுஜன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வானத்தின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, நட்சத்திரங்களுக்கிடையே இடம் மாறிய புள்ளியைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலை. ஒரே படத்தில் அது பெரும்பாலும் சிக்காது.

அதுபோல, கல்லூரிகளும் ஒருநாள் சுற்றுலாவை விட்டு, விதைப்புக்கு ஒருமுறை, களையெடுப்புக்கு ஒருமுறை, அறுவடைக்கு ஒருமுறை என ஒரே ஊருக்கு மாணவர்களை அனுப்பலாம். இரண்டாவது முறை போகும்போது முதல்முறை எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு அந்த வீடுகளில் கொடுக்கச் சொல்லலாம். எந்தப் படம் சுவரில் ஏறுகிறது, எது வேண்டாம் என்று திரும்பி வருகிறது என்பதை மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளவும் செய்யலாம்.