பொது நிரல், தனி வாசல்: வேர்ட்பிரஸ் சமூகமும் அதன் சிக்கலும்

இணையத்தளம் ஒன்றை அமைக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் நிரல் எழுதியாக வேண்டும் என்ற நிலையை மாற்றியவை உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் எனப்படும் மென்பொருள்கள். கட்டுரைகளையும் படங்களையும் தரவுத்தளத்தில் சேமித்து வைத்து, வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அவற்றை உரிய வடிவமைப்பில் கோத்துத் தருவது இவற்றின் வேலை. இவற்றுள் மிகப் பெரியதான வேர்ட்பிரஸ், டபிள்யூ3டெக்ஸ் என்னும் இணைய ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலக இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றை இயக்குகிறது. இதற்கு விலையில்லை, இதன் நிரலைத் தனக்கு மட்டும் உரியதென்று பூட்டிவைக்கும் அதிகாரமும் எவருக்கும் இல்லை. ஆயினும் அதைச் சுற்றி இயங்கும் எல்லாமே பொதுவானவையா என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது.

வேர்ட்பிரஸின் பிறப்புக்கே திறமூல உரிமம்தான் காரணம். மிஷேல் வால்ட்ரிகி என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2001இல் உருவாக்கிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி ஈராண்டுக்குள் தடைப்பட்டுவிட, அதைப் பயன்படுத்தி வந்த அமெரிக்க இளைஞர் மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்துத் திருத்தி, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். பி2 வெளியான குனு பொது உரிமம் இதற்கு இடமளித்தது. மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் இவ்வுரிமம், மாற்றிப் பகிர்பவர் அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் தந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இவ்வாறு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றைப் பிரித்து வளர்ப்பதைக் கிளைத்தல் என்பர். 2004இல் மூவபிள் டைப் என்ற போட்டி மென்பொருள் தன் உரிம விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியபோது, அதன் பயனர்கள் பலர் வேர்ட்பிரஸுக்கு இடம்பெயர்ந்ததும் இந்த உரிமம் தந்த நம்பிக்கையாலேயே.

அதே ஆண்டில் வந்த செருகுநிரல் வசதியும், 2005இல் வந்த வார்ப்புரு வசதியும் ஒரு மென்பொருளைப் பெரும் சந்தையாக மாற்றின. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட மைய நிரலில், வெளியார் எழுதிய நிரல் வந்து இணைவதற்கான இடங்கள் ஆங்காங்கே விடப்பட்டுள்ளன. அவற்றில் இணைந்து புதிய பணிகளைச் செய்வது செருகுநிரல், தளத்தின் தோற்றத்தை வகுப்பது வார்ப்புரு. மையத்தைத் தொடாமலே வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள முடிந்ததால், அதிகாரபூர்வக் கிடங்கில் இன்று சுமார் 60,000 இலவசச் செருகுநிரல்கள் உள்ளன. வலைப்பதிவுக் கருவியாகத் தொடங்கியதை இணையக் கடையாக்கும் வூகாமர்ஸ், 2011இல் இப்படி ஒரு செருகுநிரலாக வந்ததே. அடிப்படைப் பதிப்பை இலவசமாகத் தந்து, கூடுதல் வசதிகளுக்கும் உதவிக்கும் கட்டணம் பெறுவது இத்துறையில் பெருவழக்கு. தளங்களைத் தம் வழங்கிகளில் வைத்துப் பராமரிக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள், வடிவமைப்பாளர்கள், தனித்தொழில் நிரலாளர்கள் எனப் பலருக்கு இது வாழ்வாதாரம்.

வருவாய் தேடும் இவர்களோடு, ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களும் சேர்ந்ததே வேர்ட்பிரஸ் சமூகம். கிடங்குக்கு வரும் புதிய செருகுநிரல்களைச் சோதிப்பது, ஆவணங்கள் எழுதுவது, பிழைகளைக் கண்டறிவது முதலிய பணிகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. மொழிபெயர்ப்பில் எவரும் தொடர்களை முன்மொழியலாம். அந்தந்த மொழிக்கான பொறுப்பாளர்கள் ஒப்புதல் அளித்த பின்னரே அவை பயன்பாட்டுக்கு வரும். அம்மொழிப் பட்டியலில் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வேர்ட்கேம்ப் மாநாடுகள் பல நாடுகளுக்கும் பரவி, 2023இல் பாங்காக்கில் ஆசிய அளவிலும் நடந்தேறின. வேர்ட்பிரஸால் பயன்பெறும் நிறுவனங்கள் தம் வளத்தில் ஐந்து விழுக்காட்டை அதன் வளர்ச்சிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று முல்லன்வெக் 2014இல் விடுத்த வேண்டுகோள், உழைப்பவருக்கும் ஈட்டுபவருக்கும் இடையிலான சமநிலைச் சிக்கலை அப்போதே வெளிப்படுத்தியது.

அந்தச் சிக்கல் பத்தாண்டுகளுக்குப் பின் வெடித்தது. முல்லன்வெக் 2005இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனத்திடமிருந்து வேர்ட்பிரஸ் வணிகக்குறி 2010இல் இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. எனினும் அதை வணிகத்தில் பயன்படுத்தும் உரிமை ஆட்டோமேட்டிக்கிடமே இருந்தது. செருகுநிரல் கிடங்கையும் புதுப்பிப்புகளையும் வழங்கும் தளமோ முல்லன்வெக்கின் தனிப்பட்ட கட்டுப்பாட்டில் இருந்தது. கிணறு ஊர்ப்பொதுவாகவும் அதற்குச் செல்லும் வழி தனியார் நிலமாகவும் இருப்பதைப் போன்றது இந்த ஏற்பாடு. 2024 செப்டம்பரில், டபிள்யூபி எஞ்சின் என்னும் ஹோஸ்டிங் நிறுவனம் வணிகக்குறியால் ஆதாயம் பெற்றும் போதிய பங்களிப்பைத் தரவில்லை என்று குற்றஞ்சாட்டிய முல்லன்வெக், அந்நிறுவனம் கிடங்கை அணுக முடியாதபடி தடுத்தார்; அக்டோபரில் அதன் புகழ்பெற்ற செருகுநிரல் ஒன்றின் பக்கமும் வேறு பெயரில் கையகப்படுத்தப்பட்டது. டபிள்யூபி எஞ்சின் தொடுத்த வழக்கில் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் டிசம்பரில் பிறப்பித்த இடைக்கால ஆணை, முந்தைய நிலையை மீட்கப் பணித்தது.

இப்பூசலில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, இரு நிறுவனங்களின் மோதல் அவற்றோடு தொடர்பில்லாத தள உரிமையாளர்களையும் பாதித்தது என்பதே கருதத்தக்கது. குனு பொது உரிமம் நிரலுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயரையும் கிடங்கையும் முடிவெடுக்கும் முறையையும் அது தொடுவதில்லை. 2005இல் மாம்போ என்ற அமைப்பின் நிரலாளர்கள் அதன் உரிமையாளர் நிறுவனத்தோடு முரண்பட்டு வெளியேறி ஜூம்லாவைத் தொடங்கியபோது, நிரலை எடுத்துச் செல்ல முடிந்ததே அவர்களைக் காத்தது. பல்லாயிரம் செருகுநிரல்கள் ஒரே கிடங்கைச் சார்ந்துள்ள வேர்ட்பிரஸில் அவ்வாறு பிரிந்து செல்வது மிகக் கடினம். லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2025இல் அறிவிக்கப்பட்ட ஃபேர் திட்டம், ஒற்றைக் கிடங்குக்குப் பதிலாகப் பல இடங்களிலிருந்து செருகுநிரல்களைப் பெற வழி செய்ய முனைவது இதனாலேயே. ஒரு திறமூலத் தளத்தைத் தேர்ந்தெடுப்போர் அதன் உரிமத்தை மட்டுமின்றி, புதுப்பிப்புகள் எங்கிருந்து வருகின்றன, அந்த வாசலின் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பவற்றையும் கேட்டறிவது இன்றியமையாதது.