அவித்த பணிசுக்கு ஏற்ற கறி எது?

கோதுமை மா என்றவுடன் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது நிவாரண வரிசைதான். 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த எமக்கு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று உலர் உணவு தரப்பட்டது. அந்த மாவில் ரொட்டி சுட்டோம், புட்டு அவித்தோம், களி போலக் கிண்டியும் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். தொட்டுக்கொள்ளப் பருப்பு இருந்தது. பருப்பு முடிந்தால் சீனி. முகாமை விட்டு ஊருக்குத் திரும்பிய பின்னரும் என் மகள் நீண்ட காலம் மாப் பண்டம் எதையும் வாயில் வைக்க மறுத்தாள். "முகாம் மணக்குது அம்மா" என்பாள்.

அதே கோதுமை மாவை வேறொரு நாட்டில் விருந்துப் பண்டமாகச் சமைப்பதைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குப் பின்னர் கிடைத்தது. 2012 முதல் 2016 வரை சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தேன். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகளை என் தாயாரிடம் விட்டுவிட்டுப் போனேன். அந்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். ஹொக்கியன் பேசுபவர். எல்லோரும் அவரை "ஆ மா" என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அது அப்பம்மா. எங்கள் காதுக்கு "ஆமாம்" என்பது போலக் கேட்கும். முதல் கிழமை முழுவதும் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் எதையோ ஒத்துக்கொள்வது போலவே எனக்கு இருந்தது. நடக்க முடியாவிட்டாலும் குசினி அவருடைய ஆட்சியில்தான் இருந்தது. கதிரையைக் குசினி வாசலில் போட்டு இருந்துகொண்டு, எனக்கும் அவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சமையல் சொல்லித் தந்தார்.

சீனர்களின் அவித்த பணிஸ் இரண்டு வகை. உள்ளே எதுவும் வைக்காமல் அவிப்பது மாந்தோ. இறைச்சி, மரக்கறி அல்லது இனிப்புப் பயற்றங்களி வைத்து மூடி அவிப்பது பாவ். கோதுமை விளையும் வட சீனத்தில் மாந்தோ அன்றாடச் சாப்பாடு, எங்களுக்குச் சோறு போல. தென் சீனத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறியவர்களோ எங்களைப் போலச் சோறு உண்பவர்கள். அவர்களுக்கு இது காலை உணவு, சிற்றுண்டி, பெருநாள் பண்டம். உள்ளே வைத்து அவித்த பாவுக்குத் தனியாகக் கறி தேவையில்லை. ஒரு பிளேன்ரீ போதும். ஆகவே நான் இங்கே எழுதுவது வெறும் பணிசைப் பற்றியே.

இந்த மாந்தோவுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூகே லியாங் என்ற சீனப் படைத்தலைவர் தெற்கே போருக்குப் போய்த் திரும்பும்போது ஆறு கொந்தளித்து வழிவிடவில்லையாம். மனிதத் தலைகளைப் பலி கொடுத்தால்தான் ஆறு அடங்கும் என்று அந்த ஊரவர்கள் சொன்னார்களாம். போரில் செத்தவர்கள் போதும் என்று சொல்லி, இறைச்சியை மாவுக்குள் பொதிந்து தலை வடிவில் செய்து ஆற்றுக்குப் படைத்தாராம். நடந்ததோ இல்லையோ, ஆ மாவின் பேத்தி இதை எனக்குச் சொன்ன அன்று கையில் எடுத்த பணிசைச் சற்று நேரம் சாப்பிடாமலே வைத்திருந்தேன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஏறத்தாழக் கால் லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர். நன்றாக அடித்துப் பிசைந்து மூடி வைத்தால் எங்கள் வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் இரு மடங்காகப் பொங்கிவிடும். பதினாறு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாழையிலைத் துண்டை வைத்து, இன்னும் இருபது நிமிடம் பொங்க விட வேண்டும். பின்னர் கொதிக்கும் ஆவியில் 12 முதல் 15 நிமிடம் அவிக்க வேண்டும். மூடியில் துணி சுற்றினால் தண்ணீர் சொட்டாது. இறக்கியவுடன் மூடியைத் திறக்காதீர்கள், சில நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் பணிஸ் சுருங்கிவிடும். பேக்கரியில் போல போறணை தேவையில்லை, இடியப்பம் அவிக்கிற பானையும் விறகடுப்பும் போதும். 2022ஆம் ஆண்டு எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது இதன் அருமையை நான் நன்றாக உணர்ந்தேன்.

இனிக் கறிக்கு வருவோம். அவித்த பணிசுக்கென்று பெரிய சுவை கிடையாது. சுட்ட பாணுக்கு இருக்கும் மொறுமொறுத்த தோலும் வாசனையும் இதற்கு இல்லை. மெதுமையும் இலேசான இனிப்பும் மட்டுமே. ஆகவே பக்கத்தில் வைக்கும் கறியே சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. பணிசைப் பிய்த்துத் தட்டைத் துடைத்தால் குழம்பு முழுவதும் ஏறி வர வேண்டும், ஆனால் பணிஸ் கரையக்கூடாது என்பார் ஆ மா. அதாவது குழம்பு தடிப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு புளிப்பு வேண்டும், பல்லில் கடிபடுகிற ஏதோவொன்றும் வேண்டும். இவை இல்லாமல் மூன்று பணிசுக்கு மேல் யாரும் சாப்பிட மாட்டார்கள், திகட்டிவிடும்.

சீனப் புத்தாண்டுக்கு அந்த வீட்டில் கட்டாயம் செய்வது பன்றி இறைச்சி. கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப் பகுதியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, கறுப்பு சோயா சோஸ், உள்ளி, கறுவா, நட்சத்திரச் சோம்பு, சீனி போட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம் வரை வேக விடுவார்கள். பணிசை முழு உருண்டையாக அல்லாமல், தட்டையாக்கி எண்ணெய் பூசி இரண்டாக மடித்து அவிப்பார்கள். மடிப்புக்குள் ஒரு துண்டு இறைச்சி, ஒரு சலாது இலை, கொஞ்சம் கொத்தமல்லி இலை. தாய்வானில் இதே பண்டத்துக்குள் புளிக்க வைத்த கடுகுக்கீரையும், சீனி கலந்த கச்சான் தூளும் வைப்பார்கள். கச்சான் தூள் எங்களுக்குப் புதிது அல்ல, கச்சான் எங்கள் வன்னி மண்ணில் விளைகிற பொருள். வறுத்து இடித்து, இறைச்சிக் கறியின் மேலே தூவிப் பாருங்கள். பன்றி இறைச்சி உண்ணாத வீடுகளில் கோழியை எலும்போடு இதே முறையில் செய்யலாம். முக்கால் மணித்தியாலம் போதும். எங்கள் சரக்குத்தூள் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பொருந்தும், குழம்பை வற்ற விட்டு எடுத்தால்.

மாந்தோவோடு சிங்கப்பூரில் மிகவும் பேர்போனது மிளகாய் நண்டு. 1950களில் செர் யாம் தியான் என்ற பெண் தொடக்கி வைத்த சமையல் அது. கணவர் அவித்த நண்டு அலுத்துவிட்டது என்று சொல்ல, தக்காளிச் சோசில் பிரட்டிக் கொடுத்தார். அதற்கு உறைப்புப் போதாது என்று மிளகாய்ச் சோசும் சேர்த்தார். ஆற்றோரத்தில் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கி, பிறகு இருவரும் உணவகம் வைத்தார்கள். இன்று சிங்கப்பூரின் அடையாளமாகச் சொல்லப்படும் உணவு, வீட்டில் ஒரு பெண் தாச்சியில் பிரட்டிய கறிதான். அந்த நண்டுக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றித் தடிப்பாக்குவார்கள். அவித்த மாந்தோவை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து அதில் தோய்த்து உண்பார்கள்.

எங்கள் நண்டுக் கறி இதற்குக் குறைந்ததல்ல. சொல்லப்போனால் முருங்கை இலையும் மிளகும் உள்ளியும் போட்ட எங்கள் குழம்பு எனக்கு இன்னும் பிடிக்கும். முல்லைத்தீவில் இருக்கிறவர்களுக்கு நந்திக்கடல் நண்டும் இறாலும் கைக்கெட்டிய தூரம். வழமையாக விடும் தேங்காய்ப்பாலில் பாதியை மட்டும் விட்டு, இறக்குமுன் வறுத்த தேங்காய்ப்பூவை அரைத்துச் சேர்த்தால் குழம்பு பணிசுக்கு ஏற்ற பதத்துக்கு வரும். நான் ஊருக்கு வந்த வருடம் இப்படி ஒரு நாள் நண்டுக் கறியும் அவித்த பணிசும் வைத்தேன். மகள் நான்கு பணிஸ் சாப்பிட்டாள். முகாமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் துடைத்துவிட்டு "இன்னும் ஒண்டு இருக்கோ அம்மா?" என்று கேட்டாள். முகாமில் மா இருந்தது, சேர்த்துச் சாப்பிட எது வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. பிள்ளைக்கு வெறுத்துப்போனது மாவாக இருக்காது என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு நாளும் நண்டும் இறைச்சியும் வாங்க எங்களால் முடியாது. ஆ மா வீட்டிலும் அப்படித்தான். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் மரக்கறி மட்டுமே உண்பார், நாங்கள் பறுவத்துக்கு விரதம் இருப்பது போல. அந்த நாட்களில் சோயாத் தயிர்க்கட்டியும் காளானும் சோயா சோசில் வேகும். இங்கே அந்த இடத்துக்குச் சோயா மீற் வரலாம். சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, எண்ணெயில் நன்றாகப் பொரித்தெடுத்து, வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாயோடு பிரட்டி, கடைசியில் கொஞ்சம் சோயா சோசும் சீனியும் விடுங்கள். பொரிக்காமல் போட்டால் ஊறிய பஞ்சு போல இருக்கும்.

புளிப்புக்கு என் முதல் தெரிவு கத்தரிக்காய் மோஜு. நீளமாக வெட்டிய கத்தரிக்காயைக் கருகருவென்று பொரித்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொரித்து, அரைத்த கடுகு, வினாகிரி, சீனி, உப்பு சேர்த்துப் பிரட்ட வேண்டும். புளிப்பு, இனிப்பு, உறைப்பு மூன்றும் ஒன்றாக இருப்பதால் வேறு கறி இல்லாவிட்டாலும் இதை மட்டும் வைத்துக் காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். இரண்டு மூன்று நாளைக்குப் பழுதாகாது. சீனிச் சம்பலும் அப்படியே. கடையில் சீனிச் சம்பல் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள், அவித்த பணிசை நடுவே கீறி அதே சம்பலை வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கடிபடுவதற்குக் கோவாவையும் கரட்டையும் மெல்லியதாக அரிந்து உப்புப் பிசறிப் பிழிந்து, வினாகிரியும் சீனியும் விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். கெக்கரிக்காயும் சேர்க்கலாம். சிங்கப்பூரில் இப்படியான அச்சாறின் மேலே எள்ளும் கச்சானும் தூவுவார்கள்.

பொருந்தாதவற்றையும் சொல்ல வேண்டும். சொதி வேண்டாம். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் சொதிதான் உயிர், ஆனால் பணிஸ் அதில் கூழாகிவிடும். தண்ணீராகக் கரைத்த பருப்பும் அதே கதை, பருப்பு வைப்பதானால் கெட்டியாகக் கடைந்து தாளித்து வையுங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பல் உலர்ந்து உதிரும், ரொட்டிக்கு நல்லது, இதற்கு அல்ல. உருளைக்கிழங்குக் கறியும் எனக்கு உடன்பாடில்லை, மாவோடு மா சேர்ந்து வயிறு நிரம்பும், வாய்க்கு ஒன்றும் இராது. என் மகன் இதை ஏற்பதில்லை. அவனுக்கு எதோடும் உருளைக்கிழங்கு வேண்டும்.

வெள்ளைக் கோதுமை மாவில் மட்டும் தங்கியிருப்பது உடம்புக்கு நல்லதல்ல. சலரோகம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்தி, மீனையும் கீரையையும் கூடுதலாக எடுக்க வேண்டும். பொன்னாங்காணி வறையோ சுறா வறையோ மடித்த பணிசுக்குள் வைக்க நன்றாக இருக்கும். மாவில் காற்பங்கு குரக்கன் மா கலந்தும் அவிக்கலாம். அவ்வளவு பொங்காது, நிறமும் மாறும், ஆனால் கத்தரிக்காய் மோஜுவுக்கு அதுதான் இன்னும் பொருத்தம்.

எங்கள் ஊர் மாதர் சங்கத்தைச் சேர்ந்த நான்கு பேர் இப்போது மாலையில் இதைச் செய்து விற்கிறோம். மூவர் என்னைப் போலத் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். கறியை நாளுக்கு ஒன்றாக மாற்றுகிறோம். சந்தையில் எது மலிவோ அதுதான் அன்றைய கறி. கத்தரிக்காய் மலிந்தால் மோஜு, நெத்தலி வந்தால் நெத்தலிப் பிரட்டல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீனிச் சம்பலையும், வேலை முடிந்து வரும் ஆண்கள் இறைச்சியையும் கேட்கிறார்கள். செய்து விற்க நினைக்கும் சகோதரிகள் குழம்புக் கறியைப் பணிசுக்குள் வைத்துக் கட்ட வேண்டாம், வீடு போய்ச் சேருமுன் ஊறிவிடும். கறியை வேறாகப் பொதி செய்து கொடுங்கள். மிஞ்சிய பணிசை ஈரத் துணியால் மூடி வைத்து, அடுத்த நாள் காலையில் ஐந்து நிமிடம் மறுபடி ஆவியில் வைத்தால் புதிதாக அவித்தது போல மெதுவாகும். அதுவும் மிஞ்சினால் துண்டாக்கி எண்ணெயில் பொரியுங்கள், முதல் நாள் நண்டுக் குழம்பு அடிச்சட்டியில் இருந்தால் அதோடு பிள்ளைகள் முடித்துவிடுவார்கள்.