பெட்டியில் எழுதாத எண்

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது அப்பாவின் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவார். பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் 22 ஆண்டுகள் கிரைண்டர் பிடித்த கை அது. விரல் நுனிகள் மரத்துப்போனதால், பொத்தான் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

ஜொகூரில் மின்கருவிகளைச் சோதிக்கும் கூடமொன்றில் நான் தொழில்நுட்பராக இருக்கிறேன். அண்மையில் என் தம்பி ஒரு கிரைண்டரோடு வந்தான். இரும்புக் கேட், கிரில் செய்யும் பட்டறை தொடங்கியிருக்கிறான். வேலைக்கு இரண்டு பையன்கள்.

"அண்ணே, இது 1,200 வாட். நீங்க சொன்ன 850 வாட் மெஷினைவிட பாதி விலைதான். இன்னும் நாலு வாங்கலாம்னு இருக்கேன்" என்றான்.

மேலாளரிடம் அனுமதி வாங்கி, இரண்டையும் சோதனை மேடையில் ஏற்றினேன்.

இழுப்பது வேறு, உழைப்பது வேறு

மேடையில் கிரைண்டரை அசையாமல் பூட்டி, வட்டு சுழலும் தண்டை ஒரு காந்த பிரேக்கோடு இணைப்போம். இரும்பில் வட்டை அழுத்தினால் என்ன பாரம் விழுமோ, அதை இந்த பிரேக் கொடுக்கும். முறுக்குவிசை, சுழல்வேகம், இழுக்கும் மின்சாரம், சூடு எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட், கருவி சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு பங்கு சூடாகவும், பல்சக்கர உராய்விலும், விசிறியிலும் போய்விடும். மிச்சம்தான் இரும்பைத் தேய்க்கும். அதைக் கணக்கிட, நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9.55ஆல் வகுக்க வேண்டும்.

பாரம் இல்லாதபோது இரண்டுமே நிமிடத்துக்கு 11,000 முறை சுழன்றன. 0.6 நியூட்டன் மீட்டர் பாரம் ஏற்றியதும் 850 வாட் கருவி 8,000க்கு இறங்கி நின்றது. அதாவது ஏறக்குறைய 500 வாட் உழைப்பு. தம்பியின் கருவி அதே பாரத்தில் 6,000க்கு விழுந்தது; 380 வாட்கூடத் தேறவில்லை. அது 1,200 வாட் இழுக்கும்வரை பாரத்தைக் கூட்டினேன். சில நிமிடங்களில் கருகல் வாடை வந்தது. அணைத்துவிட்டேன்.

தம்பி அசரவில்லை. "கொஞ்சம் மெதுவா தேய்ச்சா போச்சு" என்றான்.

கை சொல்லும் கணக்கு

அடுத்தது அதிர்வு. இதற்குப் பூட்டி வைத்த மேடை உதவாது. மனிதக் கை பிடித்தாக வேண்டும். ஐஎஸ்ஓ 28927 என்ற உலகத் தர முறைப்படி, வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்த அலுமினிய வட்டை மாட்டி, மூன்று பேர் ஆளுக்கு ஐந்து முறை பிடிக்க வேண்டும். கைப்பிடிகளில் உணரிகள் இருக்கும்.

850 வாட் கருவியில் 5 வந்தது, தம்பியுடையதில் 10. இதன் அலகு மீட்டர்/விநாடி². ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 2.5ஐ எட்டினால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால், பிடிக்கக்கூடிய நேரம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். ஆகவே 5 உள்ள கருவி இரண்டு மணி நேரத்தில் முதல் எல்லையைத் தொடும். 10 உள்ளது அரை மணி நேரத்தில் அதைத் தொட்டு, இரண்டு மணி நேரத்தில் கடைசி எல்லைக்கே வந்துவிடும்.

தம்பியின் பையன்கள் நாளுக்கு மூன்று மணி நேரம் தேய்க்கிறார்கள். அப்பா ஆறு மணி நேரம் தேய்த்தவர்.

குளிர் நாடுகளில் இந்தப் பாதிப்பு விரல்கள் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். நம் வெப்பத்தில் வெளுப்பது அரிது. மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும், பிடி தளரும். 'வாயு', 'வயசாயிடுச்சு' என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். அப்பாவும் அப்படித்தான் படுத்தார்.

வாங்கும் முன்

கிரைண்டர் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். கையேட்டைத் திறந்து அதிர்வு அளவைத் தேடுங்கள். பக்கத்தில் 'கே' என்று ஓர் எண் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அது அளவீட்டில் வரக்கூடிய ஏற்ற இறக்கம். அளவே போடாத கருவியை நாள் முழுக்கப் பிடிக்கும் வேலைக்கு வாங்க வேண்டாம். பக்கக் கைப்பிடியைக் கழற்றாதீர்கள். ஒரு பக்கமாகத் தேய்ந்த வட்டை உடனே மாற்றுங்கள். தேய்க்கும் வேலையை ஆள் மாற்றிச் செய்யுங்கள். இரவில் விரல் மரத்தால் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். விரலில் உணர்வு போனபின் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

அன்றிரவு அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், தம்பியைப் பார்த்து, "அந்தப் பையன்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பத்தொன்பதுப்பா."

மறுநாள் தம்பி கடைக்குப் போய் 850 வாட் கருவி இரண்டு வாங்கினான். கூடவே, ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் தேய்க்கலாம் என்று எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.