நிழல் எங்கே போச்சு?

பெரிய பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. ஐந்தாவது படிக்கும் மகனைக் கோடை வகுப்பில் சேர்க்க வசதியில்லை. நானோ எட்டாவதோடு நின்றவள். 'நாம என்ன சொல்லிக் கொடுக்கப் போறோம்' என்று மனசு தவித்தது.

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் பிழிந்துவிட்டு, காக்கா விரட்ட அவனை உட்கார வைத்தேன். சும்மா இருப்பானேன் என்று, மாவு உருண்டையில் ஒரு பென்சிலை நேராகக் குத்தி, அரை மணிக்கொரு தரம் அதன் நிழலை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதச் சொன்னேன். தினமும் எழுதினான்.

ஏப்ரல் 24-ம் தேதி, மதியம் 12 மணி தாண்டி ஏழெட்டு நிமிஷம். "அம்மா, நிழல் எங்கே போச்சு?" என்று கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தேன், நிஜமாகவே இல்லை!

"எனக்குத் தெரியலைடா, வா கேட்போம்" என்று எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியிடம் கூட்டிப் போனேன். அன்று சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருமாம். வருஷத்தில் இரண்டு தடவைதான். அடுத்தது ஆகஸ்ட் 18 வாக்கில். தெற்கே உள்ள ஊர்களில் ஏப்ரலில் சில நாள் முன்னதாகவே வந்துவிடுமாம்.

அன்றிலிருந்து "இன்னிக்கு என்னம்மா அளக்கலாம்?" என்று அவனே கேட்கிறான். 'தெரியாது' என்று சொல்ல எனக்கும் வெட்கமில்லை. நீங்களும் செய்து பாருங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, சென்னை